தரங்கம்பாடியும் தலைவர் தேர்தலும்

1620இல் தரங்கம்பாடியில் டேனியர் கோட்டை எழுப்பினர். 1845இல் அவ்வூரை ஆங்கிலேயருக்கு விலைக்கு விற்றனர். ஊராரின் கருத்தை எவரும் கேட்டாரில்லை. குடியரசு தோன்றிய பின்னரோ, நாட்டின் தலைவரைத் தேர்வதிலும் அவ்வூராருக்குப் பங்குண்டு. அவர்கள் நேரே வாக்களிப்பதில்லை; அவர்கள் அனுப்பிய சட்டமன்ற உறுப்பினரும் மக்களவை உறுப்பினரும் வாக்களிக்கின்றனர்.

இத்தேர்தல்களுள் நாடே ஆவலோடு எதிர்நோக்கியது 1969ஆம் ஆண்டுத் தேர்தலாகும். மே 3ஆம் நாள் குடியரசுத் தலைவர் ஜாகீர் உசேன் காலமானார். காங்கிரஸ் கட்சி நீலம் சஞ்சீவ ரெட்டியை நிறுத்தியது, வி. வி. கிரி சுயேச்சையாக நின்றார். பிரதமர் இந்திரா காந்தியோ, உறுப்பினர்கள் மனச்சான்றின்படி வாக்களிக்கலாம் என்றார். தமிழ்நாட்டை ஆண்ட திராவிட முன்னேற்றக் கழகம் கிரியை ஆதரித்தது. எவர் எப்பக்கம் சாய்வர்? வாக்கு மறைவானது, ஆதலின் கணிப்புகள் யாவும் ஊகமாகவே நின்றன.

ஆகஸ்ட் 16இல் வாக்குப்பதிவு நடந்தது; 20இல் முடிவு வெளியாயிற்று. வெற்றிக்கு வேண்டிய வாக்கு மதிப்பு 4,18,169. முதல் எண்ணிக்கையில் கிரி பெற்றது 4,01,515. ரெட்டி பெற்றது 3,13,548. ஒருவரும் இலக்கை எட்டவில்லை. ஆகவே பின்தங்கியவர்களை நீக்கி, அவர்தம் வாக்குச்சீட்டுகளில் குறித்திருந்த அடுத்த விருப்பங்களை எண்ணினர். மூன்றாமவரான சி. டி. தேஷ்முக்கின் சீட்டுகளும் பிரிந்தபின் கிரிக்கு 4,20,077, ரெட்டிக்கு 4,05,427 என்றாயிற்று. 87,967ஆக இருந்த இடைவெளி 14,650ஆகச் சுருங்கிற்று.

நண்பர்களே, ஒரு சட்டமன்ற உறுப்பினரின் சீட்டுக்கு மதிப்பளிப்பது மாநிலத்தின் மக்கள் தொகையே. ஆகவே, தலைவர் தேர்தலுக்கு வேண்டிய சிந்தனை, நாம் நம் உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் நாளிலேயே தொடங்கிவிட வேண்டும்.