லத்தீன் ஆசிரியரின் தராசு

மலைமேல் கிடக்கும் பனியை முழுதாக அளக்க முடியாது என்று ஒருவர் ஒப்புக்கொண்ட பிறகுதான், பனியை வைத்து ஆற்றுநீரைக் கணிக்கும் தொழில் உருப்பட்டது. அவர் ஜேம்ஸ் எட்வர்ட் சர்ச். நெவாடா பல்கலைக்கழகத்தில் லத்தீன் கற்பித்தவர். ரீனோ நகருக்கு அருகே 10,776 அடி உயரத்துக்கு எழும் மவுண்ட் ரோஸ் மலையில் 1895இல் ஏறியவர், ஏறத்தாழ பத்தாண்டுகள் கழித்து அதன் உச்சியிலேயே ஒரு வானிலை நிலையத்தை அமைத்தார். மொழியாசிரியருக்கு அங்கே என்ன வேலை என்று கேட்கலாம். கீழே தாஹோ ஏரியைச் சுற்றி ஒரு வழக்கு ஓயாமல் நடந்துகொண்டிருந்தது. ஏரியின் மதகை மூடியே வைத்தால் பனி உருகும் பருவத்தில் ஏரி ஏறிக் கரையோரத்து நிலங்களைத் தின்னும். முன்கூட்டியே திறந்துவிட்டால் ட்ரக்கி ஆற்றை நம்பியிருந்த மின்நிலையங்களும் பாசன நிலங்களும் பின்கோடையில் தவிக்கும். மதகைத் திறப்பதா மூடுவதா என்று முடிவெடுப்பவருக்கு வசந்தத்தின் தொடக்கத்திலேயே தெரிந்தாக வேண்டிய சங்கதி ஒன்றுதான்: மலைமேல் எவ்வளவு தண்ணீர் கிடக்கிறது?

பனியின் ஆழத்தைப் பார்த்து இதைச் சொல்ல முடியாது. (தமிழில் வேறொரு தொல்லையும் உண்டு, மார்கழியில் புல்நுனியில் நிற்பதும் பனி, மலையை மூடிக் கிடப்பதும் பனி.) புதிதாக விழுந்த பனி பத்தடி உருகினால் ஏறக்குறைய ஓரடித் தண்ணீர் தேறும். அமுங்கியும் உருகி மறுபடி உறைந்தும் ஏப்ரல் வரை கிடந்த பனியில் அதே பத்தடி நாலடித் தண்ணீர் தரும். ஆகவே அளவுகோலைப் போட்டுவிட்டுத் தராசைக் கையில் எடுத்தார் சர்ச். அவர் வடிவமைத்த எஃகுக் குழாயின் நுனியில் வெட்டும் பற்கள் இருந்தன. குழாயைச் செங்குத்தாக முறுக்கி இறக்கி, ஆழத்தைக் குறித்துக்கொண்டு, வெளியே இழுத்ததும் முதலில் பார்ப்பது அதன் அடிப்பக்கத்தை: அங்கே கொஞ்சம் மண் ஒட்டியிருந்தால் குழாய் தரைவரை போயிருக்கிறது என்று பொருள். மண்ணைச் சுரண்டி எறிந்துவிட்டு, பனியோடு குழாயை வில்தராசில் தொங்கவிட்டு, வெறுங்குழாயின் எடையைக் கழித்தால் பனி எடை கிடைத்துவிடும். பின்னாளில் வந்த அலுமினியக் குழாயில் வெட்டும் வாயின் உள்விட்டத்தை 1.485 அங்குலமாக வைத்தார்கள். அந்த அளவில் ஓர் அவுன்ஸ் பனி என்றால் ஓர் அங்குலத் தண்ணீர். பெருக்கல் வகுத்தல் எதுவும் வேண்டாம். விறைத்த விரல்களோடு கணக்குப் போடும் பாடு தெரிந்தவர்கள் செய்த ஏற்பாடு அது.

ஆனால் சர்ச்சின் பெரிய காரியம் குழாய் அல்ல என்பது என் கட்சி. அமெரிக்காவின் வடகிழக்கில் வேறு சிலரும் அக்காலத்தில் பனியை நிறுத்துப் பார்த்தவர்கள்தாம். முகட்டுப் பனியைக் காற்று வாரிக்கொண்டுபோய்ப் பள்ளத்தில் கொட்டுகிறது. மரக்கிளை பாதியைத் தாங்கிக்கொள்கிறது. தெற்குச் சரிவு வெயிலில் முன்னதாக உருகுகிறது. இப்படிப்பட்ட மலையில் எத்தனை குழாய் இறக்கினாலும் மொத்தம் வராது. சர்ச் மொத்தத்தைக் கைவிட்டு விகிதத்தைப் பிடித்தார். காற்றுக்கு ஒதுங்கிய சில புல்வெளிகளில் ஆண்டுதோறும் அதே இடத்தில் நிறுப்பது. பனி வழக்கத்தில் 80 சதவீதம் இருந்தால் ஆற்றில் வரும் நீரும் வழக்கத்தில் சுமார் 80 சதவீதம் என்று கொள்வது. மலைப்பனிக்குச் செய்யப்பட்ட முதல் மாதிரிகளுள் இது ஒன்று. ஒரே வரியில் அடங்கிவிடும். 1929இல் கலிஃபோர்னியா இதை மாநிலத் திட்டமாக்கியது. 1930களின் வறட்சிக்குப் பிறகு மேற்கு மாநிலங்கள் முழுவதற்கும் பரவியது.

இது குருட்டாம்போக்கு, அதிர்ஷ்டத்தால் பலித்தது என்று ஒருவர் சொல்லலாம். அப்படித் தள்ளிவிட முடியாது. சியரா நெவாடா மலைத்தொடருக்குப் பசிபிக்கிலிருந்து வரும் குளிர்காலப் புயல்கள் அகலமானவை. ஒரு புல்வெளிக்கு நல்ல ஆண்டு என்றால் பக்கத்துச் சரிவுக்கும் பெரும்பாலும் நல்ல ஆண்டுதான். விகிதம் பலித்ததற்குக் காரணம் இருந்தது. ஆனால் அந்தக் காரணத்துக்குள் ஒரு நிபந்தனையும் ஒளிந்திருந்தது: இந்த ஆண்டு மலை, பழைய ஆண்டுகளின் மலையைப் போலவே நடந்துகொள்ள வேண்டும். 2015 ஏப்ரல் 1 அன்று, வழக்கமாக ஆளுயரப் பனி கிடக்கும் ஃபிலிப்ஸ் பனி அளவை நிலையத்தில் கலிஃபோர்னிய ஆளுநர் ஜெர்ரி பிரவுன் வெறும் புல்லின்மேல் நின்றார்; மாநிலம் முழுவதும் பனிநீர் வழக்கத்தில் 5 சதவீதம். அந்த ஆண்டு எல்லோருக்கும் நினைவிருக்கிறது. கணக்குக்கு அதைவிடப் பெரிய அடி 2021இல் விழுந்தது. ஏப்ரலில் பனி வழக்கத்தில் சுமார் 60 சதவீதம் இருந்தது. அணைகளுக்கு வந்த நீரோ கணிப்புக்கு வெகுகீழே. காய்ந்து கிடந்த மண் உருகிய நீரைக் குடித்துவிட்டது. எடை பார்த்தவர்கள் தப்புச் செய்யவில்லை. பழைய ஆண்டுகளில் இருந்த ஈரமான மண்ணைத்தான் விகிதம் கணக்கில் வைத்திருந்தது.

அப்படியென்றால் செயற்கைக்கோளிடம் விட்டுவிடலாமே என்பார்கள். அது வெண்மையின் பரப்பைத் துல்லியமாகச் சொல்லும். அரையடிப் பனியும் பத்தடிப் பனியும் அதற்கு ஒரே வெள்ளை. அந்தக் குறையைத் தீர்க்கவே 2013இல் நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகம் டுவாலமி ஆற்றுப் படுகையின் மேல் லேசர் பொருத்திய விமானத்தைப் பறக்கவிட்டது. சான்பிரான்சிஸ்கோவின் குடிநீரில் பெரும்பகுதி அங்கிருந்துதான் வருகிறது. பனியில்லாத காலத்தில் ஒருமுறை பறந்து தரையின் உயரத்தைப் பதிவு செய்வார்கள். பனி மூடிய பிறகு மறுபடி பறந்து முதலதைக் கழித்தால், மலைமுழுவதற்கும் சில அடிக்கு ஒரு புள்ளி என்ற கணக்கில் ஆழம் கிடைக்கிறது. சர்ச் கைவிட்ட மொத்தம் நூறாண்டு கழித்து ஏறக்குறைய வந்து சேர்ந்துவிட்டது. ஆனால் லேசர் தருவதும் ஆழம்தான். அதைத் தண்ணீராக்க அடர்த்தி வேண்டும். அடர்த்தியைக் கணினி மாதிரி ஊகிக்கிறது. அந்த ஊகம் சரியா என்று பார்க்க, யாரோ ஒருவர் புல்வெளிக்கு நடந்துபோய்க் குழாயை இறக்கி, அடியில் மண் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, தராசில் தொங்கவிடுகிறார்.