பெட்டகத்தைத் திறக்கும் சாவி: மேகக் கணிமையில் சிறப்புரிமை அணுகல் மேலாண்மை

சம்பளப் பட்டியலைப் பார்க்க மட்டும் உரிமையுள்ள ஒரு கணக்கு பறிபோனால் சம்பளப் பட்டியல் கசியும். சர்வரின் ரூட் கணக்கோ டொமைன் அட்மின் கணக்கோ பறிபோனால் பட்டியலும் போகும், அதன் பேக்கப்பும் போகும், எடுத்தவர் யார் என்று சொல்லக்கூடிய லாகும் போகும். இந்த இரண்டாம் வகைக் கணக்குகளைக் காப்பதற்கென்றே உருவானது சிறப்புரிமை அணுகல் மேலாண்மை. கடவுச்சொற்களைப் பெட்டகத்தில் பூட்டுவது, பயன்படுத்தியபின் அவற்றை மாற்றுவது, அட்மின் செய்வதைப் பதிவு செய்வது, வேண்டிய நேரத்துக்கு மட்டும் உரிமை தருவது ஆகியவை அதன் வேலைகள். அடிப்படைக் கருத்து பழையது. ஒவ்வொரு நிரலும் ஒவ்வொரு பயனரும் வேலைக்குத் தேவையான குறைந்த அளவு உரிமையோடு இயங்கவேண்டும் என்று சால்ட்ஸரும் ஷ்ரோடரும் 1975இலேயே எழுதிவிட்டார்கள்.

இந்த அமைப்பு மேகத்துக்குப் போனபின், அதை நிறுவுகிறவர்கள் எத்தனை கணக்குகள் பெட்டகத்துக்குள் வந்தன என்று எண்ணுகிறார்கள். தணிக்கையாளர்கள் கேட்பதும் அதே எண்ணிக்கைதான். அதைப் பாதுகாப்பின் அளவுகோலாகக் கொள்வது தவறு என்பது என் வாதம். பெட்டகத்தைத் திறக்கவும் அதன் விதிகளை மாற்றவும் அதைத் தாண்டிப் போகவும் எவற்றுக்கு உரிமை இருக்கிறது என்று முதலில் பார்க்கவேண்டும். கட்டமைப்பு வேலை அங்கே தொடங்கவேண்டும்.

2022 செப்டம்பரில் ஊபர் நிறுவனத்துக்கு நேர்ந்ததை எடுத்துக்கொள்வோம். ஒப்பந்தப் பணியாளர் ஒருவரின் கைபேசிக்கு உள்நுழைவு ஒப்புதல் கோரிக்கைகள் அடுத்தடுத்து வந்தன. ஒன்றை அவர் ஏற்றுவிட்டார். அதற்குப் பிறகு உள் நெட்வொர்க்கின் பகிர்வுக் கோப்புறையில் ஒரு பவர்ஷெல் ஸ்கிரிப்ட் கிடைத்ததாகவும், சிறப்புரிமைப் பெட்டகத்தின் அட்மின் பெயரும் கடவுச்சொல்லும் அதில் அப்படியே எழுதப்பட்டிருந்ததாகவும் தாக்கியவர் சொன்னார். எழுதிவைத்தவரைக் குறை சொல்வது எளிது. ஆனால் பெட்டகத்திலிருந்து கடவுச்சொல்லை எடுக்க ஸ்கிரிப்டுக்கும் ஒரு கடவுச்சொல் வேண்டுமே, அதை எங்கே வைப்பது? இதற்கு இடம் காட்டாத எந்த நிறுவலும் முற்றுப்பெற்றதல்ல. இயந்திரம் எது என்பதை மேகத் தளமே உறுதிசெய்து, சிறிது நேரமே செல்லும் டோக்கனைத் தரும் முறை இன்று கிடைக்கிறது. அப்போது எழுதிவைக்க ரகசியமே இல்லை.

இரண்டாவது நிகழ்வு இன்னும் கூர்மையானது. பியாண்ட்டிரஸ்ட் சிறப்புரிமை அணுகல் கருவிகளையே விற்கும் நிறுவனம். மேகத்தில் இயங்கும் அதன் தொலைநிலை உதவிச் சேவையின் ஏபிஐ சாவி ஒன்று தாக்குவோர் கைக்குப் போனது. அதைக்கொண்டு அமெரிக்கக் கருவூலத் துறையின் பணிநிலையங்களுக்குள் அவர்கள் நுழைந்ததாக 2024 டிசம்பர் 30 அன்று அத்துறை நாடாளுமன்றத்துக்குத் தெரிவித்தது. நுழைந்தவர்கள் சீன அரசின் ஆதரவு பெற்றவர்கள் என்று அது குற்றஞ்சாட்டியது. சேவை தருபவரின் சாவியும் நம் அமைப்பின் உறுப்பே என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

அப்படியானால் பெட்டகத்தைச் சொந்த டேட்டா சென்டருக்கே கொண்டுவந்துவிடலாமே என்பார்கள். தாக்கியவர் சொன்னபடி, ஊபரில் கதவைத் திறந்தது உள் நெட்வொர்க்கிலேயே கிடந்த கோப்பு. தவிர, சொந்தப் பெட்டகத்துக்கு நேரத்தோடு பேட்ச் போட ஆள் இல்லாத நிறுவனங்கள் பல. இடத்தை மாற்றினால் சிக்கல் தீராது.

அடையாளங்களையும் உரிமைகளையும் நிர்வகிக்கும் மேகச் சேவையான மைக்ரோசாஃப்ட் என்ட்ராவை வைத்துக் கட்டமைப்புக்கு வருகிறேன். இதில் ஓர் அட்மினுக்குப் பதவியை நிரந்தரமாகத் தராமல், தகுதியுடையவர் என்று மட்டும் குறித்துவைக்கலாம். தேவைப்படும்போது அவர் காரணம் எழுதிப் பதவியை இயக்குகிறார். நேரம் முடிந்ததும் அது தானே போய்விடுகிறது. இயல்பான அமைப்பில் உச்ச வரம்பு 8 மணி நேரம். 24 மணி நேரம் வரை நீட்டலாம். எல்லா உரிமையும் கொண்ட குளோபல் அட்மின்கள் ஐவருக்கும் குறைவாக இருக்கட்டும் என்கிறது மைக்ரோசாஃப்ட். இதையெல்லாம் ஒழுங்காகச் செய்த நிறுவனங்களிலும் பிரிவிலேஜ்டு ரோல் அட்மின் என்ற பதவி சிலரிடம் நிரந்தரமாக இருக்கக் காண்கிறோம். அந்தப் பதவியில் இருப்பவர் எவருக்கும் எந்தப் பதவியையும் தரலாம், தமக்கே குளோபல் அட்மினையும் தந்துகொள்ளலாம். பட்டியலில் அவர் குளோபல் அட்மின் இல்லை. கணக்குப்படி எல்லாம் சரி!

ஆள் அல்லாத கணக்குகள் இதிலும் மோசம். ஒப்புதல் கேட்பது, காரணம் எழுதுவது, கைபேசியில் உறுதி செய்வது எல்லாம் மனிதருக்கான ஏற்பாடுகள். தானியங்கி வேலை செய்யும் சர்வீஸ் பிரின்சிபல் தகுதிநிலையில் காத்திருந்து பதவியை இயக்கமுடியாது. அதற்குத் தரும் உரிமை இரவும் பகலும் இருந்துகொண்டே இருக்கும்.

ஒப்புதல் முறையைப் பற்றியும் சொல்லவேண்டும். நான் ஆலோசகராகப் போன ஒரு நிறுவனத்தில் ஒரு மாதக் கோரிக்கைகளை வரிசையாகப் படித்தேன். காரணம் என்ற கட்டத்தில் ‘மெயின்டனன்ஸ்’, ‘வொர்க்’, சிலவற்றில் வெறும் புள்ளி. ஒப்புதல் தருபவர் அவற்றைச் சில நொடிகளில் ஏற்றிருந்தார். விசாரித்தபோது, “பசங்க ராத்திரி ரெண்டு மணிக்கு வேலை பாக்குறாங்க சார், நான் நிறுத்திவெச்சா சர்வர் நின்னுடும்” என்றார். அவர் சொன்னது நியாயம். கேட்பவர் செய்யப்போவது என்னவென்று அவருக்குத் தெரிய வழியே இல்லை. மாற்றக் கோரிக்கையின் டிக்கெட் எண்ணைக் கட்டாயமாக்கி, அது திறந்திருக்கிறதா என்று அமைப்பே சரிபார்க்கும்படி செய்தோம். ஒப்புதலுக்குப் பொருள் வந்தது அதன் பிறகுதான்.

வழக்கமான வழிகள் நின்றுபோனால் உள்நுழைய அவசரக் கணக்குகள் இரண்டு தனியே வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் ஏறத்தாழ 6 மணி நேரம் முடங்கியபோது, பழுது பார்க்கும் உள்கருவிகளும் அதே நெட்வொர்க்கோடு சேர்ந்து நின்றுபோயின. பெட்டகம் நின்றால் எடுக்கவேண்டிய சாவியைப் பெட்டகத்துக்குள்ளேயே வைக்கக்கூடாது. இந்தக் கணக்குகளுக்குப் பல காரணி உறுதிப்பாட்டிலிருந்து விலக்கு அளிப்பது பழைய வழக்கம். 2024 அக்டோபர் முதல் மைக்ரோசாஃப்டின் அஷ்யூர் போர்ட்டலில் அந்த உறுதிப்பாடு கட்டாயமாகத் தொடங்கியபின் விலக்கு செல்லாது. வன்பொருள் சாவியைப் பதிந்து, பூட்டிய அலமாரியில் வைத்து, ஆண்டுக்குச் சில முறையாவது எடுத்து உள்நுழைந்து பார்க்கவேண்டும்.

இதைப் படிக்கும் நிர்வாகிகளிடம் ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த தணிக்கைக்கு முன், பெட்டகத்தில் உள்ள கணக்குகளின் பட்டியலை ஒருபுறம் வையுங்கள். பெட்டகத்தின் விதியை மாற்றக்கூடிய ஆட்கள், ஸ்கிரிப்டுகள், ஏபிஐ சாவிகள், சேவை தருபவரின் உதவிக் கணக்குகள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதுங்கள். ஒவ்வொன்றின் எதிரிலும் அதற்குப் பொறுப்பானவர் பெயரைப் போடுங்கள். பெயர் போடமுடியாத வரி எதுவோ அதை அன்றே நிறுத்துங்கள்.