ஆட்டோஃபோகஸ்: ஒரு வழக்கு, சில வில்லங்கங்கள்

ஊரை விட்டு இத்தனை தூரத்தில் இருக்கிற நாம் கேமரா வாங்குவதே, ஊரில் இருக்கும் தாத்தா பாட்டிக்குப் பேரக்குழந்தையைக் காட்டத்தான். ஆண்டு நிறைவுப் படத்தில் குழந்தை முகம் கலங்கலாகவும் பின்னால் தொங்கும் திரைச்சீலை பளிச்சென்றும் விழுந்தால் எரிச்சல் வருமா, வராதா? குழந்தைக்கு மறுபடி ஒரு வயது ஆகாதே. உடனே "கேமரா போச்சு" என்று தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். பெரும்பாலும் கேமரா போயிருக்காது. ஆட்டோஃபோகஸ் வந்த கதை தெரிந்தால், அது எங்கே தவறும் என்பதும் தெரிந்துவிடும். (காமர்ஸ் படித்தவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். கதையில் ஒரு பெரிய பணக் கணக்கும் வருகிறது!)

1977-ல் ஜப்பானின் கோனிகா நிறுவனம் சி35 ஏஎஃப் என்ற கேமராவை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பெரிய அளவில் தயாரான முதல் ஆட்டோஃபோகஸ் கேமரா அதுதான். உள்ளே இருந்த மூளை அமெரிக்காவின் ஹனிவெல் செய்த விஸிட்ரானிக் என்ற பாகம். இரண்டு சின்ன ஜன்னல்கள் வழியே ஒரே காட்சியைப் பார்த்து, இரண்டு பிம்பமும் எப்போது பொருந்துகிறது என்று ஒப்பிடும். நம் இரண்டு கண்களைப் போலத்தான். ஒப்பிட ஏதாவது வேண்டுமே! வெள்ளைச் சுவர், பனிமூட்டம், மங்கல் வெளிச்சம் என்றால் அது முழிக்கும். இன்றைய கேமராவும் முழிக்கிறது. லென்ஸ் முன்னும் பின்னும் ஓடி "ஊஹூம்" என்று நின்றால், ஃபோகஸ் புள்ளியைப் புடவைக் கரை, சட்டைக் காலர், புருவம் என்று கோடு தெரிகிற இடத்தில் வையுங்கள்.

1978-ல் போலராய்டு வௌவால் வழியைப் பிடித்தது. ஒலி அலையை அனுப்பி, அது திரும்பிவரும் நேரத்தை வைத்துத் தூரத்தைக் கணக்கிட்டது. கும்மிருட்டிலும் வேலை செய்யும். ஆனால் கண்ணாடி ஜன்னல் வழியே படம் எடுத்தால், ஒலி கண்ணாடியில் பட்டே திரும்பிவிடும்.

பெரிய வெடி 1985-ல். மினோல்டா 7000 கேமராவில் உணர்வியும் மோட்டாரும் உடலுக்குள்ளேயே வந்துவிட்டன. போட்டியாளர்கள் பின்னாலேயே ஓடிவந்தார்கள். 1987-ல் கேனன் தன் பழைய லென்ஸ் மவுண்டையே கைவிட்டு ஈஓஎஸ் வரிசையைத் தொடங்கியது. அதே 1987-ல் ஹனிவெல் மினோல்டா மீது வழக்குப் போட்டது. 1992-ல் நியூ ஜெர்சி ஜூரி, இரண்டு காப்புரிமைகள் மீறப்பட்டதாகச் சொல்லி 9.63 கோடி டாலர் விதித்தது. கடைசியில் 12.75 கோடி டாலருக்குச் சமரசம். அப்படி ஒரு தொகையை லாப நஷ்டக் கணக்கில் எழுதின அக்கவுண்டண்டை நினைத்துப் பார்க்கிறேன், பாவம்.

2003-ல் கோனிகாவும் மினோல்டாவும் இணைந்தன. 2006-ல் கேமரா தொழிலையே விட்டு, எஸ்எல்ஆர் சொத்துகளை சோனியிடம் ஒப்படைத்தார்கள். அந்த வழக்குதான் காரணம் என்று சொல்ல மாட்டேன், நடுவில் 14 வருடம் இருக்கிறது. இருந்தாலும், முதலில் பாதை போட்ட இருவரும் ஒன்றாகச் சேர்ந்து கடையைக் கட்டியது எனக்கு வருத்தம்தான்.

டிஜிட்டல் எஸ்எல்ஆரில் வேறொரு வில்லங்கம். ஃபோகஸ் பார்க்கும் உணர்வி அடியில் இருக்கிறது, படம் விழும் சென்சார் பின்னால் இருக்கிறது. நடுவில் ஒரு குட்டிக் கண்ணாடி ஒளியைக் கீழே திருப்பிவிடுகிறது. இது மயிரிழை பிசகினாலும், கண்ணில் வைத்த ஃபோகஸ் காதில் போய் விழும். 2007-ல் கேனனின் விலை உயர்ந்த 1டி மார்க் 3 கேமராவிலேயே இந்தக் குட்டிக் கண்ணாடியில் கோளாறு என்று நிறுவனமே ஒப்புக்கொண்டு சரிசெய்தது. ஃபோகஸை நாமே நுணுக்கமாகத் திருத்தும் வசதி கேமரா மெனுக்களில் வரத் தொடங்கியதும் அந்த வருடத்தில்தான்.

இதைச் சோதிப்பது சுலபம். ட்ரைபாடில் கேமராவை வையுங்கள். ஒரு ஸ்கேலைச் சாய்த்து வைத்து, நடுக்கோட்டுக்கு நேராக ஒரு தீப்பெட்டியை நிறுத்தி, பெட்டியின் மேல் ஃபோகஸ் செய்து பத்துப் படம் எடுங்கள். பத்திலும் ஒரே அளவு முன்னாலோ பின்னாலோ போனால் மெனுவில் திருத்தலாம். ஒரு படம் முன்னால், ஒரு படம் பின்னால் என்றால் அந்தத் திருத்தம் உதவாது. வெளிச்சத்தைக் கூட்டிப் பாருங்கள். அப்புறம் லைவ் வியூவில் எடுத்துப் பாருங்கள். அதில் மட்டும் துல்லியமாக வந்தால், குற்றவாளி கண்ணாடிப் பாதைதான். சர்வீஸ் சென்டருக்குப் போக அதுதான் சரியான சமயம்.

2013-ல் கேனன் 70டி, படம் பிடிக்கும் சென்சாரிலேயே இந்த ஒப்பிடும் வேலையையும் வைத்தது. கண்ணாடியே இல்லாத இன்றைய மிரர்லெஸ் கேமராக்களில் மேலே சொன்ன தகராறு ஏறக்குறைய ஒழிந்துவிட்டது. மிச்சம் இருப்பது ஒன்றுதான்: எதன் மேல் ஃபோகஸ்? முகத்தைத் தானே கண்டுபிடிக்கும் கேமராவைக் கொலுவுக்கு முன்னால் நீட்டிப் பாருங்கள். பொம்மைக்கும் கண், மூக்கு, வாய் எல்லாம் உண்டே! பாடுகிற குழந்தையை விட்டுவிட்டுச் செட்டியார் பொம்மையைப் பிடித்துக்கொள்ளும். அங்கே முகத் தேடலை அணைத்துவிட்டு, ஒற்றைப் புள்ளியைக் குழந்தையின் கண்ணில் வையுங்கள். போன் என்றால் முகத்தின் மேல் விரலை வைத்து ஒரு நொடி அழுத்திப் பிடியுங்கள், பெரும்பாலான போன்களில் ஃபோகஸ் அங்கேயே நின்றுவிடும்.