கருவறையும் புகையும் செவிப்புலனும்

ஆஸ்திரேலிய நாட்டின் சிட்னி நகரில் நார்மன் கிரெக் என்னும் கண் மருத்துவர் இருந்தார். 1941ஆம் ஆண்டில், பிறவியிலேயே கண்புரை படர்ந்த குழந்தைகள் வழக்கத்துக்கு மாறாக மிகுதியாக அவரிடம் கொண்டுவரப்பட்டனர். தாய்மார் சிலர் காத்திருக்கையில் தம்முள் பேசிக்கொண்டது அவர் காதில் விழுந்தது. கருவுற்ற தொடக்கத்தில் தங்களுக்கு ஜெர்மன் அம்மை கண்டிருந்ததாக அவர்கள் கூறினர். அவர் 78 குழந்தைகளின் வரலாற்றை ஆராய்ந்தார். அவர்களுள் 68 பேரின் தாய்மார் கருவுற்றிருந்தபோது அந்நோய்க்கு ஆளாகியிருந்தனர். அடுத்து, 1943இல் தென் ஆஸ்திரேலியாவில் சார்லஸ் ஸ்வான் முதலிய மருத்துவர்கள், அதே நோய் குழந்தையின் செவியையும் கெடுக்கின்றது என்று நிறுவினர்.

இதற்குப் பின் நிகழ்ந்ததே வியப்புக்குரியது. ஆலிவர் லான்காஸ்டர் என்னும் புள்ளியியல் அறிஞர் அந்நாட்டின் பழைய மக்கட்கணக்கு ஏடுகளைப் புரட்டினார். 1911ஆம் ஆண்டுக் கணக்கில், பத்து முதல் பதினான்கு வயது வரை உள்ளோரிடையே செவிடரின் விகிதம் ஓங்கி நின்றது. 1921இல் அவ்வோங்கல் இருபது முதல் இருபத்துநான்கு வயதினரிடம் காணப்பட்டது. ஒரே தலைமுறை, தன் குறையைச் சுமந்துகொண்டு வயதேறிச் சென்றிருக்கிறது! அக்குழந்தைகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் பிறந்தவர்கள். ஜெர்மன் அம்மை பரவும் காலங்களுக்கும் செவிட்டுத்தன்மைக்கும் உள்ள தொடர்பை லான்காஸ்டர் 1951இல் எடுத்துக்காட்டினார். நாற்பது ஆண்டுகள் அவ்வெண்கள் அச்சில் கிடந்தன, கேட்பாரில்லை.

கருவறை கோட்டை போன்றது, வெளிக்கேடு எதுவும் உட்புகாது என்ற பழைய நம்பிக்கை இவ்வாறு தளர்ந்தது. 1961இல் தாலிடோமைடு மருந்தின் கொடுமை வெளிப்பட்டபோது அது அடியோடு சரிந்தது. கைகால்களோடு செவிகளும் உருக்குலைந்த குழந்தைகள் அம்மருந்தால் பிறந்தனர்.

ஆயினும் புகையைப் பற்றி எவரும் இவ்வகையில் எண்ணவில்லை. புகையை மனிதர் அறியாதவரல்லர். கல்கத்தாவின் ஆலைப் புகையைக் கட்டுப்படுத்த வங்காளத்தில் 1905ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டது. 1952 டிசம்பரில் இலண்டன் நகரை ஐந்து நாள் மூடிய புகைமூட்டத்தால் ஏறத்தாழ 4,000 பேர் மாண்டனர் என அன்று கணக்கிட்டனர். பிற்கால ஆய்வாளர் 12,000 வரை கூறுவர். அதன் விளைவாக 1956இல் அங்குத் தூய காற்றுச் சட்டம் பிறந்தது. ஆனால் அக்கணக்கு இறந்தவர்களின் கணக்கு. அவ்வைந்து நாளும் கருவிலிருந்து தாயின் மூச்சால் வாழ்ந்த சிசுக்களை எந்த ஏடும் எண்ணவில்லை.

அவ்வினாவுக்கு விடை காண நெடுங்காலம் பிடித்தது. 2019இல் பெல்ஜிய ஆராய்ச்சியாளர், நச்சுக்கொடியின் சிசுப்பக்கத்தில் நுண்ணிய கரித்துகள்கள் இருப்பதைக் கண்டனர். 2022இல் ஸ்காட்லாந்து அறிஞருடன் சேர்ந்து, பிறவாத சிசுவின் ஈரல், நுரையீரல், மூளை ஆகியவற்றிலும் அவற்றைக் கண்டனர். தெருப்புகை தாயின் நுரையீரலோடு நிற்கவில்லை என்பது இதனால் உறுதியாயிற்று.

இப்புகை செவி நரம்பை நேரே தாக்குகின்றதா என்பது இன்னும் ஆராயப்பட்டு வருகின்றது. அதனை முடிந்த முடிபாகக் கூறுவது முறையன்று. ஆனால் சுற்றுவழி ஒன்று நன்கறியப்பட்டது. மாசுற்ற காற்றைச் சுவாசிக்கும் கர்ப்பிணிகளிடையே குறைமாதப் பிறப்பும் எடை குறைந்த பிறப்பும் மிகுதி. செவிக்குறைக்கு இடமுள்ள குழந்தைகள் யாவர் என 1973இல் அமெரிக்க நிபுணர் குழு வகுத்த பட்டியலிலேயே, ஒன்றரைக் கிலோவுக்குக் குறைந்த எடையுடன் பிறந்தோர் இடம்பெற்றனர்.

பிறந்த குழந்தையின் செவியைச் சோதிப்பது எப்படி? அமெரிக்காவின் டென்வர் நகரில் மரியன் டவுன்ஸ் அம்மையார் 1960களில் பேரொலி எழுப்பி, சிசு திடுக்கிடுகிறதா என்று பார்க்கச் செய்தார். அம்முறையில் பிழை மலிந்திருந்தது. 1978இல் இலண்டனில் டேவிட் கெம்ப், நலமுள்ள உட்செவி தானும் ஒரு மெல்லொலியைத் திருப்பி அனுப்புகிறது எனக் கண்டார். உறங்கும் சிசுவின் காதில் சிறு கருவியொன்றைப் பொருத்திச் சில நிமிடங்களில் சோதிக்கும் முறை அதிலிருந்து வளர்ந்தது. நம் நாட்டில் மைசூரில் 1965இல் பேச்சு, செவிப்புலன் நிறுவனம் தோன்றியது. 2013இல் மத்திய அரசு தொடங்கிய குழந்தை நலத் திட்டத்தில் பிறவிச் செவிட்டுத்தன்மையும் சேர்க்கப்பட்டது.

டில்லி, பம்பாய், கல்கத்தா முதலிய நகரங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இதில் தனிப்பட்ட கவலை ஒன்று உண்டு. வளைகாப்பு நடத்தி, பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்புவது நம் வழக்கம். வளையோசை கருவிலுள்ள குழந்தைக்குக் கேட்கும் என்று பாட்டிமார் கூறுவர். அது வெறுங்கதையன்று. ஐந்தாம் மாதத்துக்குள் உட்செவியின் நத்தைக்கூடு போன்ற உறுப்பு முழு அளவை எய்திவிடுகின்றது. ஏழாம் மாதத்தில் சிசு ஓசைக்கு அசைகின்றது. ஆகவே தாய்வீட்டுப் பயணத்துக்கு முன், செவி உருவாகும் மாதங்கள் நகரத்துக் காற்றிலேயே கழிந்துவிடுகின்றன. டில்லியில் அம்மாதங்கள் குளிர்காலத்தில் வருமாயின் அங்குப் புகை மிகக் கடுமையாயிருக்கும்.

இன்னொன்றும் உண்டு. முதல் மாதத்துக்குள் சோதனை, மூன்றாம் மாதத்துக்குள் குறையை உறுதிசெய்தல், ஆறாம் மாதத்துக்குள் கருவியோ பயிற்சியோ தொடங்குதல் என்பது மருத்துவர் வகுத்த கால ஒழுங்கு. நம் குழந்தை ஊரில் பிறந்து முதற்சோதனை அங்கு நிகழும். மூன்றாம் மாதத்தில் தாயும் சேயும் இரயிலேறி நகரத்துக்குத் திரும்புவர். மறுசோதனைக்குக் குறித்த நாள் ஊர் மருத்துவமனைச் சீட்டிலேயே நின்றுவிடும். அச்சீட்டைத் துணிமணிகளோடு பெட்டியில் வைத்து எடுத்துவந்து, வந்த வாரத்திலேயே இங்குள்ள செவி மருத்துவரிடம் காட்டினால், எஞ்சிய மூன்று மாதங்கள் வீணாகா.