புள்ளலூரில் விழுந்த பாணம்

காஞ்சிக்கு வடக்கே ஒன்பது பத்து மைலில் கிடக்கும் புள்ளலூருக்கு யுத்தமே பிராரப்தமாக வாய்த்தது போலும். மகேந்திரவர்ம பல்லவன் பகைவரை அங்கே முறியடித்ததாகக் காசாக்குடிச் செப்பேடு பேசும். அதற்கு ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கும் மேலான பின், 1780 செப்டம்பர் 10-ஆம் தேதி, ஆங்கிலக் கிழக்கிந்தியக் கும்பினியார் தென்னிந்தியாவில் கண்ட பெருந்தோல்விகளுள் ஒன்றும் அவ்விடத்திலேயே நேர்ந்தது.

காஞ்சியில் இருந்த மன்றோவின் படையோடு சேரும்பொருட்டுக் கும்பினிப் படையுடன் வடக்கேயிருந்து வந்த கர்னல் பெய்லி, கொசஸ்தலை ஆற்றில் வெள்ளம் வருமுன் அதைக் கடந்திருக்கலாம். கடக்காமல் கரையில் தங்கியதால் பல நாட்கள் வீணாயின. பின்னர் பேரம்பாக்கத்தருகே மைசூர் ஹைதர் அலியின் மகன் திப்புவின் தாக்குதலைச் சமாளித்து, காஞ்சியிலிருந்து வந்த துணைப்படையையும் சேர்த்துக்கொண்டு இரவில் புறப்பட்டவர், காஞ்சி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கையிலேயே மறுபடியும் வழியில் தங்கினார். விடிந்தபோது ஹைதரின் முழுச் சைனியமும் அவரைச் சூழ்ந்திருந்தது.

அந்தச் சைனியம் எய்த மைசூர்ப் பாணம் (ராக்கெட்) என்பது ஆயுதசாலையின் நாகரிகமான சிருஷ்டியன்று. கொல்லன் தட்டிச் சுருட்டிய இரும்புக் குழாயில் வெடியுப்பு, கந்தகம், கரி மூன்றையும் சேர்த்த மருந்தைக் கெட்டித்து, மூங்கிற்கழியிலோ வாளிலோ தோல்வாரால் பிணைத்து எறியும் பொருள் அது. ஐரோப்பியரின் காகிதக் குழாய் தாங்காத அழுத்தத்தை இரும்பு தாங்கியபடியால் பாணம் ஒரு மைலுக்கு மேலும் பாய்ந்தது. ஹைதரின் தந்தையே ஆர்க்காட்டு நவாபிடம் பாணக்காரருக்குத் தலைவராயிருந்தவர். ஆகவே இது அக்குடும்பத்தின் கைத்தொழில் என்றே சொல்லிவிடலாம். ஆனால் குறி என்ற ஒன்று அதற்குக் கிடையாது. எங்கே விழும் என்பது எய்தவனுக்கே நிச்சயமில்லை.

அப்படிப்பட்ட ஒன்றுதான், பெய்லியின் அணிக்குள் நின்ற மருந்து வண்டிகளின்மேல் விழுந்து அவற்றை வெடிக்கச் செய்தது என்பர் சிலர்; பீரங்கிக் குண்டே என்பர் வேறு சிலர். எதுவாயினும், வண்டிகள் வெடித்தபின் பீரங்கிகளுக்கு மருந்தில்லை, அணிக்கு ஒழுங்கில்லை; மூவாயிரத்தெண்ணூறு பேர் கொண்ட படை அழிந்தது, எஞ்சியோர் ஸ்ரீரங்கப்பட்டணத்துச் சிறைக்குப் போயினர். பெய்லி 1782-இல் அங்கேயே மாண்டார்.

இதனைத் தைவயோகம் என்று எழுதிவிடுவது தோற்றவருக்குச் சௌகரியம். குறியற்ற பாணத்துக்கு வேண்டியதெல்லாம் நெருங்கி நிற்கும் கூட்டமும் அதன் நடுவே மருந்து வண்டியும்தானே. அவ்விரண்டையும் கொண்டுவந்து நிறுத்தியவர் பெய்லி. பக்ஸாரில் வென்ற மன்றோவோ அன்று காலை காஞ்சியிலிருந்து புறப்பட்டு அருகே வந்தும் சேராமல் திரும்பி, மறுநாள் கனத்த பீரங்கிகளைக் காஞ்சியின் குளமொன்றில் தள்ளிவிட்டுச் செங்கல்பட்டு நோக்கி நடந்தார். இதிலே அதிர்ஷ்டத்தின் பங்கு எத்தனை மாத்திரை என்று வாசகரே நிறுத்துப் பார்க்கட்டும்.

மறு ஆண்டு ஆகஸ்ட் 27-இல் அயர் கூட் அதே ஊரில் ஹைதரோடு பொருதும் தீர்வு காணவில்லை. பாணத்தை மட்டும் ஆங்கிலேயர் மறக்கவில்லை. 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் அங்கிருந்து மாதிரிகள் இங்கிலாந்து சென்று, உல்விச்சில் வில்லியம் காங்கிரீவின் சோதனைகளுக்கு ஆதாரமாயின. ஸ்ரீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் திப்பு தீட்டுவித்த புள்ளலூர்ப் போர்ச் சித்திரத்திலோ, மருந்து வண்டி இன்றும் வெடித்துக்கொண்டிருக்கிறது; அதைப் புதுப்பிக்க ஆணையிட்டவர் ஆங்கிலத் தளபதி வெல்லெஸ்லி என்பது சரித்திரத்தின் குறும்பு.