பள்ளத்தை மூடுவது யாருக்காக? சீலன்ட் பூச்சும் சொத்தைத் தடுப்பும்

குழந்தைக்கு ஆறு வயதாகும்போது, பால்பல் எதுவும் விழாமலேயே, வரிசையின் கடைசியில் ஒரு பெரிய பல் முளைக்கிறது. முன்பல் ஆடுவதையும் விழுவதையும் கொண்டாடும் வீட்டில் இதைப் பெரும்பாலும் யாரும் கவனிப்பதில்லை. கவனித்தாலும், பால்பல்தானே, விழுந்து முளைக்கும் என்று விட்டுவிடுகிறார்கள். அது விழுந்து முளைக்கிற பல் அல்ல. வாழ்நாள் முழுக்க மெல்ல வேண்டிய முதல் நிரந்தரக் கடைவாய்ப்பல் அது. நிரந்தரப் பற்களில் சொத்தை முதலில் பிடிப்பதும் பெரும்பாலும் அதைத்தான்.

அந்தப் பல்லின் மேற்பரப்பில் உள்ள பள்ளங்களைப் பிசினால் மூடிவிடும் பூச்சுக்குப் பெயர் சீலன்ட். அது சொத்தையைத் தடுக்குமா என்ற கேள்விக்கு விடை எப்போதோ கிடைத்துவிட்டது. யாருக்குப் பூசுவது, எப்போது பூசுவது, யார் கையால் பூசுவது என்பவைதான் இன்னும் தீராமல் நிற்கின்றன. சீலன்டின் பலனைப் பிசினின் தரத்தைவிட இந்த மூன்றுமே அதிகம் தீர்மானிக்கின்றன என்பது இக்கட்டுரையின் வாதம்.

பிரஷ் எட்டாத இடம்

பல்லின் வழவழப்பான பக்கங்களில் ஃபுளூரைடு பற்பசை நன்றாக வேலை செய்கிறது. பிரஷும் அங்கே எட்டும். மெல்லும் பரப்பில் நிலைமை வேறு. அங்குள்ள வெடிப்புகளில் பல, பிரஷின் ஒற்றை நாரைவிடக் குறுகலானவை. மாவும் சர்க்கரையும் அங்கே தங்குகின்றன. பாக்டீரியா அவற்றைத் தின்று அமிலம் சுரக்கிறது. வெடிப்பின் அடியில் மெலிந்திருக்கும் எனாமல் கரைகிறது. வாயிலுள்ள மொத்தப் பல்பரப்பில் மெல்லும் பரப்பு சுமார் எட்டில் ஒரு பங்குதான். ஆனால் பள்ளிப் பிள்ளைகளின் நிரந்தரப் பற்களில் விழும் சொத்தைகளில் பத்துக்கு ஒன்பது பின்பற்களில் விழுகின்றன என்கிறது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம்.

இதைப் பல் மருத்துவர்கள் வெகுகாலமாகவே அறிவார்கள். 1923-இல் தாடியஸ் ஹயட் என்ற அமெரிக்கர் ஒரு வழி சொன்னார்: சொத்தை விழும்வரை காத்திருக்காமல், நல்ல பல்லின் பள்ளத்தையே குடைந்து வெள்ளி அடைப்பு வைத்துவிடுவது. நோயைத் தடுக்க நோயில்லாத பல்லை வெட்டுவதா என்ற எதிர்ப்பு எழுந்தது. எதிர்ப்பு நியாயமானதே, ஆனால் வெட்டாமல் ஒட்டவைக்கும் வழி எதுவும் அன்று இல்லை. ஈரமான வாயில், வழுக்கும் எனாமலின் மேல் எந்தப் பசையும் நிற்கவில்லை.

அந்த முட்டுக்கட்டையை 1955-இல் நீக்கியவர் நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரில் பணியாற்றிய மைக்கேல் புவனகோர். பெயின்ட் நன்றாகப் பிடிப்பதற்காக உலோகத்தைப் பாஸ்பாரிக் அமிலத்தால் கழுவுவது தொழிற்சாலை வழக்கம். அதையே அவர் பல்லில் செய்து பார்த்தார். 85 சதவீத அமிலத்தை 30 விநாடி வைத்துக் கழுவியதும் எனாமலில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் உண்டாயின. பிசின் அவற்றுக்குள் இறங்கிப் பிடித்துக்கொண்டது. 1967-இல் அவரும் குவெட்டோவும் சயனோஅக்ரிலேட்டை வைத்துப் பள்ளங்களை மூடினர். நம் கடைகளில் ஃபெவிக்விக் என்று விற்கும் பசையின் இனம்தான் அது. வாயின் ஈரத்தில் அது சிதைந்துபோனதால், அமெரிக்க ஆய்வாளர் ரஃபேல் போவன் உருவாக்கியிருந்த வேறொரு பிசின் அதன் இடத்தைப் பிடித்தது. 1970-களின் தொடக்கத்தில் புற ஊதா ஒளியில் இறுகும் முதல் சீலன்ட் விற்பனைக்கு வந்தது.

உலர்ந்த அரை நிமிடம்

இன்றைய செய்முறை பார்க்க எளிது. பல்லைச் சுத்தம் செய்து, பஞ்சுருளைகளை வைத்து எச்சிலை ஒதுக்கி, சுமார் 37 சதவீத அமிலக் களிம்பை 15 முதல் 30 விநாடி வைத்து, கழுவி, காற்றடித்து உலர்த்த வேண்டும். பளபளத்த பல் அப்போது சாக்பீஸ் வெள்ளையாக மங்கித் தெரியும். மங்காவிட்டால் பிசின் பிடிக்காது. பிறகு பிசினைப் பள்ளத்தில் ஓடவிட்டு, நீல ஒளியைக் காட்டி இறுக்கி, கடிக்கச் சொல்லி உயரம் சரிபார்ப்பார்கள். ஊசியும் இல்லை, குடைதலும் இல்லை.

எல்லாம் தங்கியிருப்பது அந்த உலர்ந்த அரை நிமிடத்தில்தான். அமிலம் கழுவிய பல்லில் ஒரு விநாடி எச்சில் பட்டாலும் நுண்துளைகள் அடைபட்டுவிடும். மறுபடி அமிலம் வைக்க வேண்டியதுதான். ஆறு வயதுப் பிள்ளையின் நாக்கு சும்மா இருப்பதில்லை. பல்லும் பாதிதான் முளைத்து, ஈறின் மடிப்புக்கு அடியில் நனைந்தபடி இருக்கும். சொத்தைக்கு மிக எளிதில் ஆளாகும் பருவமும், பிசின் பிடிப்பது மிகக் கடினமான பருவமும் ஒன்றே. ஈரத்தைத் தாங்கும் கிளாஸ் அயனோமர் என்ற சிமென்ட் வகைப் பூச்சு சீக்கிரம் உதிர்ந்துவிடும் என்றாலும், இந்தப் பருவத்துக்கு அதுவே ஏற்ற மாற்று.

சரியாகப் பூசினால் எவ்வளவு நாள் நிற்கும்? அமெரிக்கப் பல் மருத்துவர் ரிச்சர்ட் சைமன்சன், ஒரே முறை பூசிய பற்களை 15 ஆண்டு கழித்துப் பரிசோதித்து 1991-இல் முடிவை வெளியிட்டார். முழுதாக நின்றிருந்தவை 28 சதவீதம். ஓரளவு நின்றிருந்தவை 35 சதவீதம். பூசிய பரப்புகளில் சொத்தை விழுந்தோ அடைக்கப்பட்டோ இருந்தவை 31 சதவீதம். பூசாத பரப்புகளில் 83 சதவீதம்.

உள்ளே வைத்து மூடலாமா?

இவ்வளவு தெரிந்தும் பல மருத்துவர்கள் தயங்கினார்கள். கண்ணுக்குத் தெரியாத சொத்தையை உள்ளே வைத்து மூடிவிட்டால், வெளியே தெரியாமல் அது பல்லையே தின்றுவிடாதா? 1983 டிசம்பரில் அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனங்கள் கூட்டிய மாநாடு, சீலன்ட் பாதுகாப்பானது, பலனுள்ளது, ஆனால் போதிய அளவில் பயன்படவில்லை என்று முடிவு சொன்ன பின்னும் இந்த அச்சம் விலகவில்லை.

அச்சத்தைச் சோதனைக்கு உட்படுத்தியது அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் மெர்ட்ஸ்-ஃபேர்ஹர்ஸ்ட் என்பவரின் ஆய்வுக் குழு. எனாமலுக்கு அடியிலுள்ள டென்டின் வரை இறங்கிய சொத்தையை வேண்டுமென்றே அகற்றாமல், மேலே அடைப்பும் சீலன்டும் வைத்து மூடிப் பத்து ஆண்டு கவனித்தார்கள். மூடி கசியாதவரை சொத்தை முன்னேறவில்லை என்று 1998-இல் அறிவித்தார்கள். வெளியிலிருந்து சர்க்கரை போகாவிட்டால் உள்ளிருக்கும் பாக்டீரியா பட்டினி கிடக்கிறது. குழி விழாத தொடக்கநிலைச் சொத்தையைச் சீலன்டால் மூடலாம் என்பது இன்று அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் பரிந்துரையாகவே உள்ளது.

பெரியவர்களுக்கும் இது பொருந்துமா என்ற கேள்விக்கான தடயமும் இங்கே இருக்கிறது. அந்த ஆய்வில் 8 முதல் 52 வயது வரையிலானவர்கள் இருந்தார்கள். சீலன்டைப் பற்றிய மற்ற சான்றுகளோ ஏறக்குறைய முழுவதும் பிள்ளைகளிடம் திரட்டப்பட்டவை. நாற்பது வயதுவரை சொத்தை விழாத பள்ளத்தை மூடுவதால் பெரிய லாபம் இல்லை. ஆனால் அதே வயதில் பள்ளத்தில் தொடக்கநிலைச் சொத்தை தெரிந்தாலோ, மருந்தாலோ கதிர்வீச்சு சிகிச்சையாலோ எச்சில் வற்றிச் சொத்தை புதிதாகக் கிளம்பினாலோ, குடைவதற்கு முன் சீலன்டைப் பற்றி யோசிக்கலாம். பார்க்க வேண்டியது பள்ளத்தின் நிலையை. வயது இரண்டாம் பட்சம்.

யாருக்கு அதிக லாபம்?

மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2017 ஆய்வுத் தொகுப்பில் கவனிக்க வேண்டிய ஒரு கணக்கு உண்டு. பூசாவிட்டால் இரண்டு ஆண்டில் 16 சதவீதப் பரப்புகளில் சொத்தை விழும் இடத்தில், பிசின் சீலன்ட் அதை 5.2 சதவீதமாகக் குறைக்கும். 70 சதவீதம் விழும் இடத்தில் சுமார் 19 சதவீதமாகக் குறைக்கும். முதல் சூழலில் ஒரு சொத்தையைத் தடுக்க ஏறக்குறைய ஒன்பது பற்களுக்குப் பூச வேண்டும். இரண்டாவதில் இரண்டு பற்களுக்குப் பூசினால் போதும். பூச்சு ஒன்றே, அதன் மதிப்பு நாலு மடங்குக்கும் மேல் மாறுகிறது.

நடப்பு இதற்கு நேர்மாறு. அமெரிக்காவில் 2011 முதல் 2014 வரை எடுத்த கணக்கில், 6 முதல் 11 வயதுப் பிள்ளைகளில் வசதியுள்ள வீட்டார் சுமார் 48 சதவீதம் பேர் சீலன்ட் பூசியிருந்தார்கள். வருமானம் குறைந்த வீட்டார் சுமார் 39 சதவீதமே. சொத்தை அதிகம் உள்ள வாயில் சீலன்ட் குறைவு. காரணம் எளிது: வலிக்காத பல்லுக்காகக் கிளினிக் ஏறுவதற்குப் பணமும் ஓய்வும் வேண்டும்.

அதனால்தான் பூச்சு பள்ளிக்கூடத்துக்கே போனது. தெற்கு வேல்ஸின் பின்தங்கிய பகுதிகளில், நடமாடும் பல் மருத்துவ வண்டியில் நடந்த ஆய்வில் 6, 7 வயதுப் பிள்ளைகள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பங்கேற்றனர். பாதிப் பேருக்குச் சீலன்ட். மீதிப் பேருக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை பல்லில் தடவும் ஃபுளூரைடு வார்னிஷ். மூன்று ஆண்டு முடிவில் முதல் கடைவாய்ப்பற்களில் டென்டின் வரை சொத்தை விழுந்தவர்கள் சீலன்ட் அணியில் 19.6 சதவீதம், வார்னிஷ் அணியில் 17.5 சதவீதம். புள்ளியியல்படி வேறுபாடு இல்லை. செலவு வார்னிஷுக்குக் குறைவு. 2023-இல் வெளியான நியூயார்க் நகரப் பள்ளிகளின் ஆய்வும் இதே திசையில் சென்றது: எளிதாகத் தடவிவிடக்கூடிய சில்வர் டயமைன் ஃபுளூரைடு என்ற திரவம், கிளாஸ் அயனோமர் சீலன்டுக்குச் சளைக்கவில்லை.

இதைச் சீலன்டின் தோல்வி என்று படிப்பவர்கள் உண்டு. அந்த வாசிப்பு பாதிதான் சரி. வேல்ஸில் இரு அணியினரையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தேடிப்போய்ப் பார்த்தார்கள். உதிர்ந்த சீலன்டைத் திரும்பப் பூசினார்கள். இரு முறைகளும் வென்றதற்கு அந்த வருகை ஒரு முக்கியக் காரணம். வருகை நின்றால் முதலில் தோற்பது வார்னிஷ். ஒரே பூச்சில் ஆண்டுக்கணக்கில் நிற்கக்கூடியது சீலன்ட். மறுபடி போக முடியும் என்றால் மலிவானதைத் தேர்ந்தெடுக்கலாம். முடியாது என்றால் பிசினே மேல்.

இந்தியாவுக்கு இந்த வேறுபாடு முக்கியம். 2002–03 தேசிய வாய்நலக் கணக்கெடுப்பில் 12 வயதினரில் 53.8 சதவீதம் பேருக்கும், 15 வயதினரில் 63.1 சதவீதம் பேருக்கும் சொத்தை இருந்தது. இங்கே பள்ளிப் பிள்ளைகளுக்கான பல் பரிசோதனை பெரும்பாலும் ஒருநாள் முகாமாகவே நடக்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி போல ஃபுளூரைடு மிகுந்த நிலத்தடி நீர் குடிக்கும் ஊர்களில் இன்னொரு சிக்கலும் உண்டு: ஃபுளூரைடால் கறைபட்ட எனாமல் அமிலத்துக்கு எளிதில் இளகாததால் பிசின் பிடிப்பு குறையலாம். அங்கே அமிலம் வைக்கும் நேரத்தைக் கூட்ட வேண்டியிருக்கும்; ஃபுளூரைடு வார்னிஷையும் கண்ணை மூடிக்கொண்டு பரிந்துரைக்க முடியாது.

ஆகவே, முகாமை மூன்று வகையில் மாற்றியமைக்கலாம். எல்லா வகுப்புக்கும் பூசாமல், முதல் கடைவாய்ப்பல் முளைக்கும் ஒன்றாம், இரண்டாம் வகுப்பையும், இரண்டாம் கடைவாய்ப்பல் முளைக்கும் ஏழாம் வகுப்பையும் மட்டும் எடுத்துக்கொள்வது. அதிலும் ஏற்கெனவே சொத்தை உள்ள பிள்ளைகளிடமிருந்து தொடங்குவது. ஈரம் ஒதுங்காத பல்லில் பிசினைத் திணிக்காமல் கிளாஸ் அயனோமர் வைப்பது. முகாம் அறிக்கையில் எத்தனை பல்லுக்குப் பூசினோம் என்பதோடு நிறுத்தாமல், ஓராண்டு கழித்து அதே பள்ளிக்குப் போய் எத்தனை பூச்சு நின்றிருக்கிறது, எத்தனை பல் சொத்தையில்லாமல் இருக்கிறது என்பதையும் எழுதுவது.