கேம்பிரிட்ஜ் ஆனர்ஸும் சமய உறுதிமொழியும்

டில்லியிலும் கொல்கத்தாவிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களில் கோடை வந்துவிட்டால் ஒரு கேள்வி தவறாமல் எழும். "ஆனர்ஸ் வகுப்பில் இடம் கிடைத்ததா?" என்பதே அது. நமது கவலையெல்லாம் மதிப்பெண்ணைப் பற்றியது. கிறிஸ்தவ சபையார் நிறுவிய கல்லூரியாயினும், பட்டம் வேண்டுமானால் எங்கள் சமயத்தவன் என்று எழுதிக் கொடு என நம் பிள்ளைகளை எவரும் கேட்பதில்லை. ஆனால் ஆனர்ஸ் முறை செழித்து வளர்ந்த இங்கிலாந்தில் நிலைமை நெடுங்காலம் வேறாக இருந்தது. அவ்வரலாற்றைச் சிறிது நோக்குவோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் இங்கிலாந்துத் திருச்சபையின் பல்கலைக்கழகங்களாகவே விளங்கின. ஆக்ஸ்ஃபோர்டில் சேரும் நாளன்றே திருச்சபையின் 39 கோட்பாடுகளுக்கு மாணவன் ஒப்பமிட வேண்டும். கேம்பிரிட்ஜிலோ, எச்சமயத்தவனும் பயிலலாம். ஆனர்ஸ் தேர்வும் எழுதலாம். பட்டம் பெறும் வேளையில்தான், தான் திருச்சபையின் உண்மையான உறுப்பினன் என்று அவன் உறுதி கூற வேண்டும். விருந்துக்கு அழைத்து, இலையும் போட்டு, பரிமாறும் நேரத்தில் எழுப்பிவிடுவதை ஒத்தது இம்முறை.

கேம்பிரிட்ஜின் கணித ஆனர்ஸ் தேர்வுக்கு 'டிரைபாஸ்' என்று பெயர். முதல் வகுப்பில் தேறியோர் 'ராங்க்ளர்' எனப்பட்டனர். அவர்களுள் முதல்வர் 'சீனியர் ராங்க்ளர்'. அப்பட்டியலில் இடம் பெறுவது வாழ்நாள் முழுவதும் நிலைத்து நிற்கும் பெருமையாகக் கருதப்பட்டது. 1837-ஆம் ஆண்டுப் பட்டியலில் இரண்டாம் இடம் பெற்றவர் ஜேம்ஸ் ஜோசப் சில்வெஸ்டர். அவர் யூதர். பொய்யுறுதி கூற அவர் மனம் ஒப்பவில்லை. எனவே பட்டம் இல்லை. 1841-இல் டப்ளின் நகரத்துப் பல்கலைக்கழகத்தில்தான் அவர் பட்டம் பெற்றார்.

அவருக்குப் பத்தாண்டுகள் முன்னதாக, 1827-இல், நான்காம் இடம் பெற்றவர் அகஸ்டஸ் டி மார்கன். இவர் 1806-இல் பிறந்த ஊர் நமது மதுரை; தந்தையார் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை அதிகாரி. டி மார்கன் கிறிஸ்தவக் குடும்பத்தில் வளர்ந்தவரே. ஆயினும் ஒருவனது நம்பிக்கையைப் பல்கலைக்கழகம் சோதிப்பது தகாது என்று கருதி, எம்.ஏ. பட்டத்துக்குரிய சமய உறுதிமொழியை மறுத்துவிட்டார். அதனால் அப்பட்டமும், டிரினிடி கல்லூரியின் ஃபெல்லோ பதவியும் அவருக்கு எட்டாமற் போயின. சமயச் சோதனை இல்லாத புதிய கல்லூரியொன்று 1826-இல் லண்டனில் நிறுவப்பட்டிருந்தது. 1828-இல் அங்கே கணிதப் பேராசிரியரானார். பிற்காலத்தில் அக்கல்லூரியே சமயத்தைக் காரணமாகக் கொண்டு தகுதியுடைய ஒருவரை விலக்கியதாக எண்ணியபோது, 1866-இல் அப்பதவியையும் துறந்தார்.

1856-இல் இயற்றப்பட்ட சட்டம் கேம்பிரிட்ஜின் பி.ஏ. பட்டத்தை எல்லாச் சமயத்தார்க்கும் திறந்துவிட்டது. ஆனால் ஃபெல்லோ பதவி திறக்கப்படவில்லை. ஊதியமும், உறைவிடமும், கல்லூரி நிர்வாகத்தில் குரலும் அளிப்பது அப்பதவியே. 1869-இல் டிரினிடி கல்லூரியைச் சேர்ந்த நூமா ஹார்ட்டாக் என்னும் யூத இளைஞர் சீனியர் ராங்க்ளர் ஆனார். நாட்டிலேயே முதல்வராகத் தேறிய கணித மாணவர் சமயத்தின் பொருட்டு வெளியே நிற்பதைக் கண்டு, நெடுநாளாக நடந்துவந்த விவாதம் வலுவுற்றது. அவரே பிரபுக்கள் சபையின் குழுவின் முன் சாட்சியமளித்தார். 1871 ஜூன் மாதம் பல்கலைக்கழகச் சமயச் சோதனைச் சட்டம் நிறைவேறியது. இறையியற் பட்டங்களும் குருமார்க்குரிய பதவிகளும் நீங்கலாக, ஏனையவை எல்லார்க்கும் பொதுவாயின.

அச்சட்டத்தின் பயனை அதற்காகப் பாடுபட்டோர் அனைவரும் துய்க்கவில்லை. டி மார்கன் அவ்வாண்டு மார்ச் மாதமே மறைந்தார். ஹார்ட்டாக் அதே ஜூன் மாதத்தில் பெரியம்மை கண்டு, 25-ஆம் வயதில் மறைந்தார். சில்வெஸ்டர் ஒருவரே நீண்ட நாள் வாழ்ந்து, 1883-இல் ஆக்ஸ்ஃபோர்டின் பேராசிரியர் பதவிக்கே தேர்ந்தெடுக்கப்பட்டார்.

பயன் வேறு பலரை வந்தடைந்தது. 1899-இல் மராத்தியரான ஆர். பி. பராஞ்சபே சீனியர் ராங்க்ளர் பட்டியலில் இடம் பெற்றார். பின்னர் தம் கல்லூரியின் ஃபெல்லோவும் ஆனார். 1918-இல் டிரினிடி கல்லூரி, கும்பகோணத்தில் வளர்ந்த சீனிவாச இராமானுஜனை ஃபெல்லோவாகத் தேர்ந்தெடுத்தது. வைணவ ஒழுக்கம் வழுவாத அவரிடம் எவரும் திருச்சபை உறுதிமொழி கேட்கவில்லை. மதுரையில் பிறந்தவர்க்கு மூடியிருந்த அதே கதவு, கும்பகோணத்தார்க்குத் திறந்தது.

எல்லாத் தடைகளும் அன்றே அகன்றுவிட்டன என்பதற்கில்லை. 1890-இல் ஃபிலிப்பா ஃபாசெட் என்னும் பெண்மணி சீனியர் ராங்க்ளரையும் விஞ்சினார்; ஆயினும் பெண்களுக்குக் கேம்பிரிட்ஜ் முழுப் பட்டம் வழங்கத் தொடங்கியது 1948-இல்தான்.

சில்வெஸ்டரும் டி மார்கனும் ஒரு வரி எழுதி ஒப்பமிட்டிருந்தால் வேண்டியதைப் பெற்றிருக்கலாம். மனச்சான்றுக்கு மாறாக எழுத மாட்டோம் என்று அவர்கள் நின்றார்கள். பிற மாநிலங்களில் நம் பிள்ளைகளைக் கல்லூரியில் சேர்க்கச் செல்லும் நாம், விண்ணப்பத்தை நிரப்பும்போது அவர்களையும் ஒருகணம் நினைத்துக்கொள்வோமாக.